பழைய வண்டிக்குப் பட்டறையில் சைலன்சர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டு பழைய வண்டிகள் இருக்கின்றன. 1991 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று, அப்பா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் ஒன்று. இரண்டுக்கும் பட்டறையில் உட்கார்ந்து சைலன்சர் செய்து மாட்டியிருக்கிறேன். ஆர்.எக்ஸுக்கு இரண்டு முறை, ஏனென்றால் முதல் முறை கெடுத்துக்கொண்டேன். அதிலிருந்து டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் என்னை நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. கோயம்புத்தூர்க்காரன் என்பதால் இங்கத்திப் பட்டறை வழக்கம் பதிலில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கடையிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள். செய்வது பெருமைக்காக அல்ல, வேறு வழி இல்லாததால்தான்.

ஆர்.எக்ஸ். 100 இங்கே 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. கம்பெனி ஒரிஜினல் சைலன்சர் யாரிடமாவது பெட்டியோடு இருந்தால் அதற்கு அவர் சொல்வதுதான் விலை. நகல்கள் தாராளமாக வருகின்றன. வெளியே பார்த்தால் அச்சு அசல். உள்ளே இருக்கவேண்டிய தடுப்புத் தகடும் குழாயும்தான் பாதி நகல்களில் கம்பெனிக் கணக்கில் இருக்காது. பழையதை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் தூக்கிப் பாருங்கள். புதியது காற்றாடி மாதிரி லேசாக இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

யெஸ்டியின் கதை வேறு. ஒற்றை சிலிண்டர், அதற்கு இரண்டு புகைவாய், இரண்டு சைலன்சர். மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடியபின் நல்ல ஜோடி கிடைப்பது அரிதாகிவிட்டது. வலது ஒரு கடையில், இடது ஒரு கடையில் என்று வாங்கிப் போட்டால் இரண்டும் இரண்டு மாதிரிப் பேசும்.

சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைக்கிற டப்பாதானே? எந்த டப்பா இருந்தால் என்ன?

புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இப்படிக் கேட்டால் பாதியாவது ஒத்துக்கொள்வேன். என் இரண்டு வண்டியும் டூ ஸ்ட்ரோக். அதில் சைலன்சர் என்பது இன்ஜினின் ஓர் உறுப்பு. பிஸ்டன், ரிங் மாதிரி அதுவும் ஒன்று.

டூ ஸ்ட்ரோக்கில் புகைவாய்க்கு வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே வரும்போது புகைவாய் திறக்கிறது, கொஞ்ச நேரத்தில் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வாயும் திறக்கிறது. இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்த நேரத்தில், வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகைவாய் வழியாக வெளியே ஓடப் பார்க்கும். அதைத் தடுக்கக் கதவில்லை. அந்தக் கதவு வேலையைச் செய்வது சைலன்சருக்குள் ஓடும் அழுத்த அலை. புகை வெளியேறும்போது கிளம்பும் அலை, குழாய் விரியும் இடத்தில் சிலிண்டரைப் பார்த்து உறிஞ்சும். பின்னால் குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். புகைவாய் மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேரவேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதை நோண்டி நோண்டிச் செம்மைப்படுத்தினார். 1961-இல் அந்தக் கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி ஓடி சுஸூகியில் சேர்ந்தார். இந்த வித்தையும் அவரோடு ஜப்பானுக்குப் போனது. ஒரு தகரக் குழாயின் வடிவம் நாடு விட்டு நாடு கடத்துகிற அளவுக்கு விலைபோனது என்றால், அதை ‘டப்பா’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீளத்தில் நாலு இஞ்ச் குறைத்தால் பெரிய வித்தியாசம் வந்துவிடுமா?

வரும். நான் பட்டது.

ஆர்.எக்ஸுக்கு முதல் சைலன்சர் செய்தபோது, பின் சக்கர அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருப்பது அழகாக இல்லை என்று பட்டறையில் நாலு இஞ்ச் வெட்டினார்கள். நானும் தலையாட்டினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மறுநாள் மனைவியை உட்காரவைத்து மருதமலைச் சாலையில் ஏற்றினேன். இரண்டாவது கியரில் முக்கியது, முனகியது, நகரவில்லை. முதல் கியரில் கத்தவிட்டு அரை கிளட்சில் ஏறிப்போய்ச் சேர்ந்தோம். திரும்பும் வழியில் அவள் பேசவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். சூடான புகையில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 510 மீட்டர் என்று வைப்போம். கிராங்கின் ஒரு சுற்றில் புகைவாய் திறந்திருக்கும் அளவு, கணக்குக்காக, 180 டிகிரி. அலை போய்த் திரும்பவேண்டிய குழாயின் நீளம் கிடைக்க, வேகத்தை டிகிரியால் பெருக்கி, இன்ஜின் சுற்றை 12-ஆல் பெருக்கி வருவதால் வகுக்கவேண்டும். ஆர்.எக்ஸ். தன் 11 குதிரைத்திறனைக் கொடுப்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். 510 × 180 ÷ (12 × 7,500) = 1.02 மீட்டர். பிஸ்டன் முகத்திலிருந்து பின் கோனின், அதாவது குழாய் குறுகும் பகுதியின், நடுப்பகுதிவரை இந்த நீளம் வேண்டும். இதில் 10 சென்டிமீட்டர் வெட்டினால் 0.92. இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அலை சரியாக வந்துசேரும் சுற்று 8,300 ஆகிவிடுகிறது. அதாவது வண்டியின் உயிர் 800 சுற்று மேலே ஏறிவிட்டது. மலையில் ஆள் ஏற்றிப் போகும்போது வேண்டிய கீழ்ச் சுற்றில் ஒன்றும் மிச்சம் இல்லை.

கம்பெனி சைலன்சர் பந்தயச் சைலன்சர் அல்ல, இவ்வளவு கறாராக இசைந்திருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சரி, பழைய சைலன்சரிலிருந்து அளவு எப்படி எடுப்பது?

முதல் வேலை, பழையதைத் தூக்கிப் போடாமல் இருப்பது. ஓட்டையாக இருந்தாலும் அதுதான் உங்கள் வரைபடம்.

உள்ளே அடைந்திருக்கும் கரியை முதலில் எடுக்கவேண்டும். காஸ்டிக் சோடா கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் குழைந்து வந்துவிடும். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள், தின்றுவிடும். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிற பழைய வித்தை வேண்டாம். தகடு இளகிக் கோணிக்கொள்ளும், கொளுத்துகிறவருக்கும் ஆபத்து.

நீளத்தை வெளிப்பக்கத்தில் டேப் வைத்து அளந்தால் வளைவில் ஏமாற்றிவிடும். நான் செய்தது, மெல்லிய அலுமினியக் கம்பியைக் குழாயின் நடுக்கோடு போகிற மாதிரி வளைத்து, பிறகு நிமிர்த்தி அளந்தேன். 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு ஒவ்வொரு கோட்டிலும் வெர்னியரால் குறுக்களவு எடுத்து நோட்டில் எழுதினேன். அலுப்பான வேலை, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

கடைசியாகக் கொள்ளளவு. வால் பக்கத்தைத் துணியும் மெழுகும் வைத்து அடைத்து, துருப்பிடித்த ஓட்டைகளை எம்-சீலால் பூசி, அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை மில்லி பிடித்தது என்பதைக் குறித்துவைத்தால், புதியது செய்து முடித்தபின் அதிலும் ஊற்றிப் பார்க்கலாம். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பட்டறைக்காரருக்கு மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.

எந்தத் தகடு நல்லது? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் ஆயுசுக்கும் துரு வராதாமே?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

எஸ்.எஸ். என்றால் ஒரே எஸ்.எஸ். இல்லை. 304 கிரேடில் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202 கிரேடில் நிக்கல் பாதியளவுதான், மிச்சத்தை மாங்கனீஸ் போட்டுச் சரிக்கட்டியிருப்பார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் வரும் பளபள குழாயில் பெரும்பங்கு 202. பட்டறையில் மிச்சம் கிடப்பதும் அதுதான், உங்கள் வண்டிக்கு வருவதும் அதுதான். சூடும் ஈரமும் மாறிமாறிப் படும் இடத்தில் அது பழுப்புப் புள்ளி போட ஆரம்பித்துவிடும்.

“காந்தம் வைத்துப் பார்த்தேன் சார், ஒட்டவில்லை, அசல் 304” என்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனையால் எஸ்.எஸ்ஸா இரும்பா என்று வேண்டுமானால் தெரியும், அதுவும் முழுக்க இல்லை. கார் கம்பெனிகள் புகைக்குழாய்க்கென்றே போடும் 409 கிரேடு எஸ்.எஸ்ஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும். எனவே குழாயில் அச்சடித்த கிரேடு, கடைப் பில்லில் எழுதிய கிரேடு, இரண்டையும் பாருங்கள்.

எனக்குக் கேட்டால், டூ ஸ்ட்ரோக்குக்கு 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. எம்.எஸ்., அதாவது சாதா இரும்புத் தகடே போதும். எண்ணெய்ப் புகை உள்ளே பூசிக்கொள்வதால் உள்பக்கம் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எஸ்.எஸ். கொடுக்கும் காசு வீண் போகாது. ஜி.ஐ. குழாயை மட்டும் எதற்காகவும் எடுக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரிந்து வரும் வெள்ளைப் புகை வெல்டரைக் காய்ச்சலில் படுக்கவைக்கும்.

கோன் வடிவத்தை எப்படி உருட்டுகிறார்கள்?

நல்ல டிங்கர் கண்ணாலேயே வெட்டுவார். நமக்கு அட்டையும் காம்பஸும் வேண்டும்.

ஒரு பக்கம் 40 மி.மீ., மறுபக்கம் 90 மி.மீ. விட்டம், நீளம் 250 மி.மீ. என்று ஒரு கோன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வுநீளம் 251 மி.மீ. வருகிறது. ஒரே புள்ளியிலிருந்து 452 மி.மீ. ஆரத்தில் ஒரு வில், 201 மி.மீ. ஆரத்தில் ஒரு வில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே 36 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டு வெட்டினால், விசிறி மாதிரி வரும் அந்தத் துண்டைச் சுருட்டும்போது கேட்ட கோன் கிடைக்கும். முதலில் காலண்டர் அட்டையில் வெட்டிச் செலோடேப் போட்டு ஒட்டி, வண்டியில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆர்.எக்ஸ். முருகன் படம் போட்ட அட்டைச் சைலன்சரோடுதான் நின்றது.

தகட்டைக் கோனாகச் சுருட்ட, தரையில் பதித்த ஒரு குழாயின் மேல் வைத்து மரச் சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டவேண்டும். இரும்புச் சுத்தி வைத்தால் மேடுபள்ளம் விழும்.

பெண்ட் பைப்பை (சிலிண்டரிலிருந்து வளைந்து வரும் முன்குழாயை) வளைக்க மெஷின் வேண்டுமா?

மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மணல். குழாயில் மணலை நெருக்கித் தட்டி அடைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து மூடி, கேஸ் சுட்டு வளைப்பார்கள். மணல் இருப்பதால் வளைவில் குழாய் நசுங்காது. மணல் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கவேண்டும்; வாணலியில் வறுத்துப் போடுவது உத்தமம். துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி எறியும். முடிந்தபின் கடைசி மணல்வரை தட்டி எடுத்துவிட்டதை உறுதி செய்யுங்கள்.

வண்டியில் மாட்டிவைத்தே வெல்டிங் அடிக்கலாமா?

பொட்டு (அங்கங்கே ஒரு புள்ளி வெல்டிங்) மட்டும் வைக்கலாம். முழு வெல்டிங் கூடாது.

வண்டியில் வைத்துப் பார்த்துப் பொட்டு வைப்பது அவசியம், அப்போதுதான் கோணம் சரியாக வரும். ஆனால் அதற்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரி வயரை எடுங்கள், பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யின் பிளக்கையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பைச் சைலன்சரிலேயே, பொட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். வெல்டர் சோம்பல்பட்டுச் சென்டர் ஸ்டாண்டில் மாட்டினால் மின்சாரம் இன்ஜின் வழியாகப் போகும். கிராங்க் பேரிங்கில் பொறி விழுந்தால் அதன் விலை சைலன்சரைவிட அதிகம்.

எஸ்.எஸ். என்றால் ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். வெளியே மீன் செதில் மாதிரி அழகாக அடுக்கியிருப்பதை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பி அடிக்காவிட்டால், உள்பக்கம் வெல்டிங் கோடு கருகிய சர்க்கரைப் பாகு மாதிரிப் பொரிந்து நிற்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு துண்டுக் குழாயில் முதலில் அடிக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இதைக் கேட்டால் கோபப்படுகிற பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

மாட்டியபின் மூன்றே மாதத்தில் விரிசல் விட்டது. ஏன்?

பெரும்பாலும் கிளாம்ப்பில் ரப்பர் புஷ் இல்லாததால். சைலன்சரைச் சேசிஸோடு இரும்புக்கு இரும்பாக முறுக்கினால் அதிர்வு முழுவதையும் வெல்டிங்தான் தாங்கவேண்டும். இன்னொரு காரணம், பொருந்தாததை இழுத்துப் பிடித்து போல்ட் போடுவது. போல்ட் எதுவும் போடாமல் வைத்தாலே துளைகள் நேருக்கு நேர் வரவேண்டும். முதலில் சிலிண்டர் பக்கத்து நட்டை முறுக்கி, கடைசியில்தான் பின் கிளாம்ப்பை முறுக்கவேண்டும். யெஸ்டியில் சிலிண்டரோடு பிடிப்பது பெரிய மரை வளையம். அதற்கான கொக்கி ஸ்பேனர் இல்லாமல் உளியும் சுத்தியும் வைத்துத் தட்டித் தட்டி அதன் பல்லை உடைத்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் உண்டு.

மாட்டியதும் கிக்கரை முழுசாக அடித்துப் பாருங்கள், பின் பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள், ஆள் உட்கார்ந்து சாக் அப்சார்பர் இறங்கும்போது எங்காவது இடிக்கிறதா பாருங்கள். பின் சக்கர அச்சு நட்டுக்கு ஸ்பேனர் போக வழியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பஞ்சருக்கும் சைலன்சரைக் கழற்றவேண்டும்.

பேஃபிளை (வால் பக்கம் செருகியிருக்கும் தடுப்புக் குழாயை) கழற்றிவிட்டால் பிக்கப் கூடுமா?

சத்தம் கூடும். காது அதைப் பிக்கப் என்று நினைத்துக்கொள்ளும். ஆர்.எக்ஸில் வால் பக்கக் குழாயின் குறுகலும் கம்பெனி கணக்குப் போட்டு வைத்ததுதான். அதை எடுத்துவிட்டால் உள்ளே நிற்கவேண்டிய அழுத்தம் நிற்காது, கீழ்ச் சுற்றில் இழுவை போகும். அதற்காக மிகவும் குறுக்கிவிட்டாலும் வம்பு, சூடு ஏறிப் பிஸ்டன் ஜாம் ஆகும்.

புல்லட்டுக்கு அந்த ‘டப் டப்’ வேண்டும். எப்படிச் செய்யச் சொல்வது?

பழைய இரும்பு பேரல் புல்லட் 350-இல் சிலிண்டர் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., 346 சி.சி. நெடிய ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், மெதுவான ஐடிலிங். அந்தத் தாளம் முதலில் இன்ஜினுக்குள் பிறக்கிறது. சைலன்சர் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். ஐடிலிங்கும் டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சரியில்லாத வண்டிக்கு எந்தச் சைலன்சர் போட்டாலும் அது டமாரம்தான்.

நடுவே துளையிட்ட ஜாலிக் குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் உல், வெளியே ஓடு. இதுதான் எளிய அமைப்பு. ஜாலிக்கு மேல் முதல் சுற்றாக ஸ்டீல் உல் வைத்து, அதன் மேல் கிளாஸ் உல் சுற்றினால் புகை நேராக அடித்துத் தூளாக்காது. இறுக்கித் திணித்தால் சத்தத்தை உறிஞ்சாது, தளர விட்டால் பறந்துபோகும். சுற்றும்போது முகக்கவசம் போடுங்கள். வால் மூடியைக் கழற்றுகிற மாதிரி போல்ட் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கிளாஸ் உல் ஒருநாள் தீரும், அப்போது வெட்டிப் பிளக்கவேண்டி வராது.

பெண்ட் பைப்பை மட்டும் பெரிசு பண்ணாதீர்கள். குழாய் அகலமானால் புகையின் வேகம் குறையும், புல்லட்டின் சொத்தான கீழ் இழுவை போய்விடும். “பேக் பிரஷர் (புகைக்கு எதிரழுத்தம்) வேண்டும்” என்று மெக்கானிக்குகள் சொல்வது பெயரளவில் தவறு, அனுபவத்தில் சரி. வேண்டியது தடுப்பு அல்ல, வேகம்.

கார்புரேட்டரைத் தொடவேண்டுமா?

கம்பெனி அளவிலேயே செய்திருந்தால் தொடவேண்டாம், சோதித்தால் போதும். 10 கிலோமீட்டர் ஓட்டி, ஓடும் வேகத்திலேயே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாகப் போடவேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் வெளுத்த பிளக்கோடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பின் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும்.

ஆக்சிலேட்டரை விடும்போது பட்டாசு வெடித்தால் ஜெட்டைக் குறைசொல்வதற்கு முன் மூட்டுகளைப் பாருங்கள். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து உடனே மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மூட்டில் வைக்கும் பேக்கிங் சின்னச் செலவு.

குரோம் அடித்தால் கொஞ்ச நாளில் நீலமாகிறதே?

சூட்டால் ஆவது. பெண்ட் பைப்பின் முதல் வளைவில் கொஞ்சம் வருவது சகஜம். பைப் முழுக்க நீலம் பாய்ந்தால் கலவை மெலிந்திருக்கிறது அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. பிளேட்டிங்கை எல்லா வெல்டிங்கும் முடிந்தபிறகே கொடுங்கள். குரோமின் மேல் வெல்டிங் வைத்தால் அதன் புகை கெடுதல், பிளேட்டிங்கும் உரிந்துவரும்.

போலீஸ் பிடிக்குமா? ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

சத்தமாக இருந்தால் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஒலி, புகை விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதம் போகும். தயாரிப்பு நிலையில் இரு சக்கர வண்டிகளுக்கான ஒலி வரம்பு 80 முதல் 175 சி.சி.வரை 77 டெசிபெல், அதற்கு மேல் 80 டெசிபெல். உங்கள் பழைய வண்டி அந்த விதிக்கு முந்தியது என்றாலும், மனசில் வைத்துக்கொள்ள நல்ல எண்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 120-ஆவது விதி சைலன்சர் என்றால் என்ன என்று சொல்கிறது: விரிவறை மூலமாகவோ வேறு வகையிலோ சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சாதனம். டூ ஸ்ட்ரோக் பந்தயக் குழாய்க்கும் விரிவறை (எக்ஸ்பான்ஷன் சேம்பர்) என்றுதான் பெயர். அந்தச் சொல்லை சட்டமே சொல்கிறது என்று காட்டிப் பந்தயக் குழாயை நியாயப்படுத்த ஒருவர் என்னிடம் முயன்றார். ‘குறைக்கும்’ என்ற சொல்லை அவர் படிக்கவில்லை.

புகைச் சான்றிதழுக்கு, 31 மார்ச் 2000 வரை தயாரான இரு சக்கர வண்டியில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 50 வயது தாண்டிய ஜாவா போன்றவற்றை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜ் வண்டியாகப் பதிய நினைத்தால், அசல் வடிவம் மாறாமல் இருப்பது அதற்கு நிபந்தனை. அந்த வண்டியில் அளவோ வடிவமோ மாற்றவே வேண்டாம்.

என் வண்டிகளில் நான் செய்தது கம்பெனி அளவுக்குக் கம்பெனி அளவு. பழைய சைலன்சரின் போட்டோ, அளவு எழுதிய தாள் இரண்டையும் ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் நிறுத்தியதில்லை. காரணம் தாள் அல்ல, சத்தம் இல்லாததுதான்.

வெளியே பளபளவென்று இருக்க, அடியில் ஓட்டை விழுகிறதே?

உள்ளிருந்து அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சைலன்சர் நன்றாகச் சூடானால் அது பறந்துவிடும். தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு நிமிஷத்தில் அணைத்தால் உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் தாழ்ந்த இடமாகப் பார்த்து 3 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? பட்டறையில் என்ன சொல்லவேண்டும்?

இரண்டாம் முறை ஆர்.எக்ஸுக்கு எனக்குத் தகடு, கூலி, கறுப்பு வெப்பப் பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. யெஸ்டி ஜோடிக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு, ஏனென்றால் குரோம். உங்கள் ஊரில் வேறாக இருக்கும். முழுத் தொகையையும் முன்னால் கொடுக்காதீர்கள். தகட்டை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது.

மாடிக் கைப்பிடி செய்கிற பட்டறை வேண்டாம். டிராக்டர், ஆயில் இன்ஜின் புகைக்குழாய் செய்து பழகிய கையைத் தேடுங்கள். “சூப்பரா சவுண்டு வர்ற மாதிரி பண்ணித் தர்றேன் தம்பி” என்று ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். என் இரண்டாவது சைலன்சரைச் செய்த பெரியவர் முதலில் கேட்டது, “பழசு எங்கே?” அதை வாங்கி, காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே ஏதோ உதிர்ந்து கிடப்பதைக் கேட்டுவிட்டு, “இதை அறுக்காம சொல்ல முடியாது, நாளைக்கு வாங்க” என்றார். அறுத்துக் காட்டியபோது உள்ளே ஒரு தடுப்புத் தகடு கழன்று கிடந்தது. நாங்கள் முதல் முறை அதை எண்ணவே இல்லை.

அறுத்த பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். இன்னொரு ஆர்.எக்ஸ்.காரர் அளவு கேட்டு வருவார். என்னுடையது நீளவாக்கில் இரண்டு பாதியாக, கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி, பரணில் இருக்கிறது. இதுவரை மூன்று பேர் வாங்கிப் போய் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாதி இப்போதும் நான்காமவரிடம்.